எங்கள் கெப்பில் வந்த ஜப்பான்காரி

எங்கள் வீட்டில் சமைப்பது என் கணவர், வண்டி ஓட்டுவது நான். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று தேயிலைத் தோட்டங்களில் எது நடந்தாலும் சாப்பாடு செய்துகொடுப்பது எங்கள் தொழில். ஹட்டனில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் அவர் சமைப்பார். அண்டாக்களை டபுள் கெப்பின் திறந்த பின்தட்டில் ஏற்றி, படங்கு போட்டு மூடி, கயிற்றால் கட்டிக்கொண்டு நான் மலையேறுவேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவார்.

அவரும் ஒரு காலத்தில் ஓட்டிப் பழகினார். டிக்கோயா வழியில் எதிரே ஒரு பஸ் வேகமாக வந்தபோது, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் அந்த பஸ்ஸைக் கும்பிட்டார். பஸ்காரர் நல்லவர், நிறுத்திவிட்டார். அன்றோடு இடம் மாறி உட்கார்ந்துகொண்டோம்.

ஆனால் ஓட்டவில்லையே தவிர, ஓட்டுவதற்கான உத்தரவு முழுவதும் அவரிடமிருந்துதான் வந்தது. "லெப்ட்ல பள்ளம். மாடு வருது, மாடு. அவன் திரும்பப் போறான் பாரு, சிக்னல் போடமாட்டான், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." வண்டியைப் பின்னால் எடுக்கவேண்டும் என்றால் இறங்கி ஓடிப்போய் நின்றுகொண்டு பின்கதவில் தட்டித் தட்டி, "வரட்டும், வரட்டும், வரட்டும்" என்பார். அந்தத் தட்டில் எத்தனையோ தோட்டத்து நாய்கள் விழித்திருக்கின்றன.

பழைய கெப் வெள்ளை நிறம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. மழையில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போகும் பாதைகள் சேறாகிக் கிடக்கும்போது சின்ன லொரிகள் கீழேயே நின்றுவிடும். நாங்கள் மட்டும் சோறு வேகும் சூட்டோடு மேலே போய்ச் சேருவோம். எங்களுக்கு வேலை கிடைத்ததே பாதி அந்த வண்டியால்தான். அதற்கு வயதாகிக்கொண்டே போனது. அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தி, நாட்டுக்குள் புது வாகனம் வராதிருந்த வருடங்களில் அதை விட்டால் எங்களுக்கு வேறு கதி இல்லை. எங்கள் மெக்கானிக், கராஜ் பாஸ், எங்கிருந்தோ எதையெதையோ கழற்றிவந்து மாட்டி அதை உயிரோடு வைத்திருந்தார். இடது பக்கக் கதவை இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் திறக்கும். என் கணவருக்கு அது பழகிப்போய், அடுத்தவர்கள் வண்டியில் ஏறும்போதும் முதலில் ஓர் இடி கொடுப்பார்.

கடைசியில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் இறங்கிவந்து தள்ளினார்கள். மாப்பிள்ளையின் மாமா பட்டு வேட்டியோடு சரியாகச் சக்கரத்துக்குப் பின்னால் நின்று தள்ளினார். வண்டி கிளம்பியபோது அவரிடம் வெள்ளையாக மிஞ்சியது பல் மட்டுந்தான். பந்தியில் என் கணவர் அவருக்கு வடையாக வைத்துக்கொண்டே இருந்தார். அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் பாஸ் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "அக்கா, இனி நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. வேணும்னா ஒரு பூசை போட்டுப் பாருங்க" என்றார்.

அதற்குள் வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்தன. ஒரு சின்ன லொரி எடுக்கலாம் என்றேன் நான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அதே கெப்புதான் எடுக்கணும். புது மாடலா இருக்கட்டும், ஆனா அதே கெப்பு. என் அண்டாவுக்குப் பழகுன வண்டி அது" என்றார். ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டு வந்த, எங்களுடையதைவிடப் புதிய மாடல் ஒன்று கொழும்புக்குப் பக்கத்தில் விற்பனைக்கு நிற்பதாகத் தெரிந்தது. பார்க்கப் போனோம்.

போகிற அன்று காலையில் அவர் எங்கள் பெரிய அண்டாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

"என்னங்க இது?"

"அளவு பாக்கணுமா வேணாமா?"

"அளவு நாடா எடுத்துக்கிட்டாப் போதாதா?"

"நாடாவுல சாம்பார் வைக்க முடியுமா?"

பஸ் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடுக்கவேண்டும் என்று சொல்லி அவிசாவளை வரை வாதாடினார். நடுவில் ஏறிய ஓர் அம்மா, இடமில்லாததால் தன் பிள்ளையை அண்டாவுக்குள் சால்வை விரித்துத் தூங்க வைத்துவிட்டாள். இறங்கும்போது அந்தப் பிள்ளையை எழுப்ப மனசில்லாமல் என் கணவர் தவித்த தவிப்பில், நாங்கள் இறங்கவேண்டிய நிறுத்தமே தாண்டிவிட்டது.

விற்பனை முற்றத்தில் நின்ற இளைஞன் சிங்களப் பையன், நல்ல மரியாதை. அண்டாவைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. வண்டியின் பெருமையை எனக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தான். பின்னால் கமெரா இருக்கிறது, பக்கத்தில் எது வந்தாலும் மணியடிக்கும், முன்னால் மனிதர்களைக் கண்டால் நாம் மிதிக்காவிட்டாலும் தானே பிரேக் போட்டு நிற்கும். நான் ஒவ்வொன்றாக அவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. பின்கதவைத் திறந்து அண்டாவை ஏற்றினார். இந்த மூலையில் வைத்தார், அந்த மூலையில் வைத்தார், கட்டிப் பிடித்து அசைத்துப் பார்த்தார். பிறகு கீழே குதித்து, "எடுத்துக்கலாம்" என்றார்.

"எஞ்சின் பார்க்கவில்லையா?" என்று அந்தப் பையன் கேட்டதை அவரிடம் சொன்னேன்.

"எஞ்சின் எல்லா வண்டியிலயுந்தான் இருக்கும்" என்றார்.

ஓட்டிப் பார்க்க நான் ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. மெல்லிய குரல், அடக்கமான குரல், ஏதோ ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்தது. என் கணவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"ஜப்பானிலிருந்து வரும் வண்டிகள் இப்படி ஏதாவது சொல்லும், நோனா. கவனிக்கத் தேவையில்லை" என்றான் பையன்.

நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

வண்டி கைக்கு வந்து ஹட்டனுக்கு ஓட்டிக்கொண்டு வந்த நாளில், முன்னாலிருந்த திரையில் ஒரு வரைபடம் தெரிந்தது. அது ஜப்பானின் வரைபடம். வண்டிக்கோ தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. நீல நிறக் கடலுக்கு நடுவில் ஓர் அம்புக்குறியாக நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். கினிகத்தேனை ஏற்றத்தில் அவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். "கரை தெரியலயே இன்னும்" என்றார். வாந்தி வருவதுபோல இருக்கிறது என்று சொல்லி, ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி இஞ்சி போட்டுக் குடித்த பிறகுதான் சரியானார்.

ஹட்டனில் எல்லாரும் வந்து பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒருவரும் வரவில்லை. காரணம் எளிது. பழையதும் வெள்ளை, புதியதும் வெள்ளை. அதே கெப், அதே நாங்கள், அதே அண்டா. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர், வேலியோரமாக நின்று வண்டியை நிதானமாகப் பார்த்தார். என் கணவர் மகிழ்ச்சியோடு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"என்ன, வண்டியைக் கழுவினனீங்களோ?" என்றார் டீச்சர்.

அன்று மத்தியானம் என் கணவர் சாப்பிடவில்லை. நான் பெற்றோல் அடிக்கும் செட்டில், மரக்கறிக் கடையில், எங்கே நிறுத்தினாலும் அவர் இறங்கி வண்டியின் மேல் சாய்ந்து நிற்பார், யாராவது கேட்கட்டும் என்று. ஒருவர் கேட்டார்: "அண்ணே, வண்டி நின்னு போச்சா? தள்ளவா?"

கோயிலில் பூசை போட்டபோதுதான் முதல் மரியாதை கிடைத்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஐயர் கற்பூரத் தட்டோடு முன்னால் வந்து ஆரத்தி காட்டினார். தட்டு வண்டிக்கு அருகே வரும்போதெல்லாம் உள்ளே டிங் டிங் டிங் என்று மணியடித்தது; விலகினால் நின்றது. கோயில் மணியையே யாரோ உள்ளே வைத்திருப்பதுபோல. ஐயர் தட்டைச் சுற்றச் சுற்ற அந்த மணியும் தாளம் பிசகாமல் அடித்தது. ஆரத்தி முடிந்ததும் அணைத்த வண்டியை, எலுமிச்சம்பழத்தை நசுக்குவதற்காக மறுபடி ஸ்டார்ட் செய்தேன். ஜப்பான்காரி தன் வாக்கியத்தைச் சொன்னாள்.

ஐயர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். "உள்ள யாரும்மா? எறங்கச் சொல்லுங்க, திருநீறு வாங்கிக்கட்டும்."

புது வண்டியோடு என் கணவருக்கு முதலில் ஒத்துவரவில்லை. இடுப்பால் இடிக்காமலே கதவு திறந்தது. இடித்தே பழகியவர் இரண்டு தடவை நிலைதடுமாறி ரோட்டில் உட்கார்ந்தார். சீட் பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்தியது. எல்லாவற்றையும்விடக் கொடுமை அந்தப் பின்பக்கக் கமெரா. அவர் வழக்கம்போல இறங்கி ஓடி, பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்றார். நான் திரையைப் பார்த்தேன். அதில் ரோடு தெரியவில்லை, சுவர் தெரியவில்லை. திரை முழுக்க அவருடைய வயிறும், அதற்கு மேல் ஆடும் இரண்டு கைகளும்தான் தெரிந்தன.

"தள்ளி நில்லுங்க, ஒண்ணும் தெரியல" என்றேன்.

"நான் நிக்கறதே ஒனக்குத் தெரியறதுக்குத்தானே?" என்றார்.

வண்டி தானே பக்கத்தில் வருவதைச் சொல்லும், பின்னால் இருப்பதைக் காட்டும் என்றானபிறகு அவருக்கு வேலையில்லாமல் போய்விட்டது. சில நாள் வாய் திறக்காமல் வந்தார். அப்படி வாய் மூடி வந்தவரைப் பேச வைத்தது அந்த ஜப்பான்காரிதான்.

ஒரு நாள் காலை கொட்டகலைக்குக் கிளம்பும்போது, அவள் சொல்லி முடித்ததும் அவர் "ம்ம்" என்று தலையாட்டினார்.

"என்ன ம்ம்?"

"மழை வருமாம்."

நான் சிரித்தேன். பாதி வழி தாண்டுமுன் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் மழை வரும் என்று சொல்லித் தோற்றவர் யாருமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் முகத்திலிருந்த திருப்தியைக் கெடுக்க மனம் வரவில்லை. அடுத்த நாள், "ரோடு வழுக்குதாம், மெதுவாப் போகச் சொல்லுது" என்றார். இன்னொரு நாள், "ஒரு டயர்ல காத்துக் கம்மியாம்" என்றார். எதற்கும் பார்க்கலாம் என்று கராஜில் நிறுத்தினோம். நிஜமாகவே ஒரு டயரில் காற்றுக் குறைந்திருந்தது. அதோடு அவரைப் பிடிக்க முடியவில்லை. வண்டி பேசுகிறது, இவருக்கு அது புரிகிறது என்று பாஸ் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். கடைத்தெருவில் சிலர், "அண்ணே, இன்னைக்கி என்னா சொல்லுச்சு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். புது வண்டி எடுத்திருக்கிறோம் என்று ஹட்டனுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

"ஒரே மாதிரிதானேங்க சொல்லுது? தெனமும் வேற வேற அர்த்தம் எப்படி வரும்?" என்று நான் கேட்டேன்.

"நீ 'ம்' னு சொல்றதுக்கே எத்தன அர்த்தம் இருக்கு? நான் தெரிஞ்சுக்கல?" என்றார்.

பழைய வண்டியை வலப்பனையில் மரக்கறி வியாபாரம் செய்யும் ஒரு சிங்களவர் வாங்கிப்போயிருந்தார். அந்த நாட்களில் அவர் ஒரு தடவை போனில் பேசினார். வண்டி நன்றாக ஓடுகிறதாம். அவருடைய கராஜ் பாஸ் ஏதோ ஒன்றை மாற்றியதில் இப்போது மலையும் ஏறுகிறதாம். ஒரே ஒரு குறைதான். எத்தனை தடவை கழுவினாலும் சாம்பார் வாசனை போகமாட்டேன் என்கிறது, லீக்ஸ் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போவதற்குள் பசி தாங்க முடியாமல் நாலு இடத்தில் நிறுத்திச் சாப்பிடுகிறேன் என்றார். கதவைப் பற்றியும் கேட்டார். என் கணவர் போனை வாங்கி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இடுப்பால் எப்படி இடிக்கவேண்டும் என்று வாசலில் நின்று இடித்து இடித்து விளக்கினார். போனில் அது தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் பொகவந்தலாவைப் பக்கத்துக் கல்யாணம் வந்தது.

பெண்ணின் அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்பவர். ஒரே பெண். தோட்டம் முழுவதையும் அழைத்திருந்தார். நாங்கள் விடியற்காலையிலேயே சமைத்து முடித்து, சோறு, சாம்பார், பொரியல், பாயசம் எல்லாம் ஏற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஜப்பான்காரி சொன்னதைக் கேட்டு, "இன்னைக்கி எல்லாம் நல்லபடியா நடக்குமாம்" என்றார் அவர்.

மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து தோட்டத்துக் கல்ரோட்டில் ஏறினோம். புது வண்டிக்கு அந்த ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை. அண்டாக்கள் சத்தமில்லாமல் வந்தன. எதிரே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. லயத்துக்குத் திரும்பும் இடத்தில் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, நடுவில் குறுக்கே ஒரு பெரிய பெனர் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் படமாக, மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுயரத்துக்கு, கைகூப்பி, எல்லாரையும் வரவேற்றுக்கொண்டு நின்றார்கள். கீழ்க் கயிறு அவிழ்ந்து பெனர் காற்றில் ரோட்டுக்கு இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. துணியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று நான் நிறுத்தாமல் போனேன்.

வண்டிக்கு அப்படித் தோன்றவில்லை. பனிக்குள்ளிருந்து இரண்டு பேர் கைகூப்பியபடி குறுக்கே வருவதைத்தான் அது பார்த்தது. திரையில் சிவப்பாக ஏதோ மின்னியது, வீல் என்று ஒரு சத்தம், நான் பிரேக்கைத் தொடவேயில்லை, வண்டி தரையில் ஆணியடித்ததுபோல நின்றது. பெல்ட் எங்களைப் பிடித்துக்கொண்டது. சாம்பாருக்குப் பெல்ட் இல்லை.

பின்னால் டமார் என்று கேட்டது. பிறகு கண்ணாடியில் மஞ்சளாக ஒழுகியது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பெனரில் மணமக்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கிப் பார்த்தோம். சோறும் பொரியலும் பாயசமும் தப்பியிருந்தன. சாம்பார் அண்டா மட்டும் கயிறு அறுந்து சாய்ந்து கிடந்தது. அடியில் கொஞ்சந்தான் மிச்சம். பின்கதவின் இடுக்கு வழியாக இறங்கிய சாம்பார் கல்ரோட்டில் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. நாய்கள் அதன் கூடவே நடந்துபோயின.

பெண்ணின் அப்பா புது வேட்டியோடு ஓடிவந்தார். அண்டாவைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகு, "அக்கா, சாம்பார் ரோட்டுல போகுதுக்கா" என்றார்.

"தெரியுது தம்பி. தாலி கட்டியாச்சா?"

"இப்பதான் ஐயரு ஒக்காந்திருக்காரு."

என் கணவர் சட்டையைக் கழற்றி வண்டிக்குள் போட்டார். சமையல் என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். "பருப்பு வேணும். புளி வேணும். எந்தக் காய் இருந்தாலும் கொண்டாங்க. அடுப்பு எங்க?" என்றார். செய்தி லயத்துக்குப் போனது. தோட்டத்துக் கடைக்காரர் பருப்பு மூட்டையைக் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் காய் வந்தது: லீக்ஸ், கோவா, போஞ்சி, கிழங்கு, நோக்கோல். பட்டுச் சேலை கட்டிய பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து நறுக்கினார்கள். பெண்ணின் பெரியம்மா, "எல்லாரும் ஒரே அளவுல வெட்டுங்க, வெளியூர்ல இருந்து வந்திருக்காங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் மேளம் கொட்டியது, தாலி ஏறிவிட்டது. பருப்பு இன்னும் வேகவில்லை.

அப்போதுதான் எனக்குத் தலைவர் ஞாபகம் வந்தது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் எல்லாக் கல்யாணத்திலும் மணமக்களை வாழ்த்திப் பேசுவார். அவர் மைக்கைப் பிடித்தால் பந்தி ஆறிப்போகும் என்று எல்லா வீட்டிலும் அவரைப் பேசவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கல்யாணத்திலும் அவருக்கு ஒரு மாலையைப் போட்டு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் பெண்ணின் அப்பாவின் காதில் சொன்னேன். அவர் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "தலைவரே, நீங்க ரெண்டு வார்த்த பேசணும்" என்றார்.

தலைவரால் நம்பமுடியவில்லை. "ரெண்டு வார்த்தையா?"

"எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க, தலைவரே."

அவர் கண் கலங்கிவிட்டது. மைக்கைப் பிடித்தார். பாட்டன் பூட்டன் இந்தியாவில் மண்டபம் முகாமிலிருந்து கப்பல் ஏறியதிலிருந்து தொடங்கினார். ஒரு தாளிப்பு வாசனைகூட வராத அந்த நேரத்தில் கூட்டம் நெளிந்தது. நான் சமையல் அடுப்புக்கும் பந்தலுக்கும் நடுவில் நின்று என் கணவரைப் பார்த்தேன். அவர் கரண்டியால் ஒரு பருப்பை எடுத்து நசுக்கி, தலையை இல்லை என்று ஆட்டினார். நானும் பெண்ணின் அப்பாவைப் பார்த்து அப்படியே தலையாட்டினேன். அவர் தலைவருக்கு ஒரு சோடாப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தலைவர் சம்பளப் போராட்டத்துக்கு வந்தார், காணி உரிமைக்கு வந்தார், அங்கிருந்து மணமக்களுக்கு வந்து, திரும்பவும் கப்பலுக்குப் போனார். கடைசியில் என் கணவர் கடுகு தாளித்துக் கொட்டி, கரண்டியை உயரத் தூக்கிக் காட்டினார். பந்தலில் எல்லாரும் கை தட்டினார்கள். அது தன் பேச்சுக்கு என்று தலைவர் நினைத்துக்கொண்டார். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

லயத்துக் காய்களெல்லாம் கலந்த அந்தச் சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. பசி வேறு. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்டு வாங்கினார்கள். நாலு பேர் என்னிடம் வந்து தங்கள் வீட்டு விசேஷத்துக்கும் இதே சாம்பார் வேண்டும் என்றார்கள். பெண்ணின் அப்பா கைகழுவும் இடத்தில் நின்று எல்லாரிடமும், "எங்க வண்டிக்காரக்கா சொன்ன யோசனை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதைச் சொன்னார் என்று தெரியவில்லை, சாம்பாரையா, தலைவரையா.

பாத்திரங்களைக் கழுவி ஏற்றும்போது பெண்ணின் அத்தை மகன் உதவிக்கு வந்தான். ஜப்பானில் வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்திருந்த இளைஞன். வண்டியின் பின்பக்கத்தை அவன்தான் குழாய் வைத்துக் கழுவினான். தண்ணீர் வடிவதற்காகக் கொஞ்சம் முன்னால் நகர்த்தலாம் என்று நான் ஸ்டார்ட் செய்தேன். ஜப்பான்காரி தன் வாக்கியத்தைச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னா தம்பி சிரிக்கிற?" என்றார் என் கணவர்.

"இது என்னா சொல்லுதுன்னு தெரியுமாண்ணே?"

"தெரியும். ரோட்டுல பனி எறங்கிருச்சாம், லைட்டப் போட்டுக்கிட்டுப் போகச் சொல்லுது."

"இல்லண்ணே. கார்டு போடலயாம்."

"என்னா கார்டு?"

"அங்க பெரிய ரோட்டுக்குக் காசு கட்டறதுக்கு ஒரு கார்டு இருக்கு. இந்தா, இந்த எடத்துல போடணும். போடலன்னா ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் ஞாபகப்படுத்தும்."

"எப்பவும் அதத்தான் சொல்லுமா?"

"எப்பவும் அதேதாண்ணே."

"மழையப் பத்தி?"

"இல்லண்ணே."

"டயரப் பத்தி?"

அந்தப் பையன் பாவம், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். நான் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன். சிரிப்பை அடக்குவதற்கு எனக்கும் ஏதாவது வேலை வேண்டியிருந்தது. என் கணவர் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார், அல்லது 'அதைத்தான் நானும் சொன்னேன்' என்று சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்:

"அந்தக் கார்டு இங்க எங்க விக்கிறாங்க?"

"இங்க எதுக்குண்ணே?"

"இத்தன நாளா கேட்டுக்கிட்டே இருந்திருக்குதே, பாவம்."

இங்கே கிடைக்காது என்று பையன் சொன்னான். தொந்தரவாக இருந்தால் நிறுத்திவிடலாம் என்று சொல்லிக்கொண்டே, இவர் ஆமென்பதற்கும் இல்லையென்பதற்கும் முன்னால், டேஷ்போர்டுக்குக் கீழே கையைவிட்டு எதையோ திருகினான். திரும்ப ஸ்டார்ட் செய்தேன். சத்தமில்லை.

வரும் வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான். சந்தைக்குப் போனோம், நோர்வுட்டில் ஒரு வீட்டுக்குப் போனோம். ஏறி உட்கார்ந்து, ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகு பெருமூச்சோடு பெல்ட்டை மாட்டுவார். கடைத்தெருவில் ஒருவர், "அண்ணே, இன்னைக்கி என்னா சொல்லுச்சு?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்று போய்விட்டார்.

வட்டவளையில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போகவேண்டும். எல்லாம் ஏற்றியாயிற்று. நான் ஸ்டார்ட் செய்தேன். அவர் பெல்ட் போடவில்லை. வண்டி கத்துகிறது, அவர் அசையவில்லை.

"என்னங்க, போலாமா?"

"அது ஏதாச்சும் சொன்னாத்தான் கெளம்புன மாதிரி இருக்கு" என்றார்.

சாப்பாட்டுக்கு நேரமாகிறது. இருந்தாலும் நானே போனை எடுத்து, பொகவந்தலாவைப் பெண்ணின் அப்பாவிடம் நம்பர் வாங்கி, ஜப்பானிலிருந்து வந்த அந்தப் பையனைக் கூப்பிட்டேன். அவன் சொல்லச் சொல்ல நான் குனிந்து தேடினேன். முதலில் ஏதோ ஒன்றை அழுத்தினேன், வைப்பர் ஓடியது. இன்னொன்றை அழுத்தினேன், கடலுக்கு நடுவிலிருந்த அம்புக்குறி தலைகீழாகத் திரும்பியது. "அது இல்லக்கா, கார்டு போடுற எடத்துக்குப் பக்கத்துல, சின்னதா" என்றான் அவன். கடைசியில் அகப்பட்டது. திருகினேன். அளவு தெரியாமல் முழுதும் திருகிவிட்டேன் போலிருக்கிறது. அணைத்து ஸ்டார்ட் செய்தபோது அவள் போட்ட சத்தத்தில் வேலியிலிருந்த டீச்சரின் பூனை குதித்து ஓடியது.

அவர் முகம் மலர்ந்தது. ஆனால் பெல்ட்டைப் போடுவதற்குப் பதிலாகச் சட்டைப்பையில் கைவிட்டு எங்கள் வங்கிக் கார்டை எடுத்தார். நான் தடுப்பதற்குள் அதை அந்த இடுக்கில் செருகிவிட்டார்.

உள்ளே ஏதோ கிர்ரென்றது. பிறகு ஜப்பான்காரி பேசினாள். இது வேறு வாக்கியம். முன்னைவிட நீளம், கொஞ்சம் கண்டிப்பு.

"பாத்தியா! வேற சொல்லுது!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா சொல்லுது?"

கார்டை எடுத்து மறுபடி செருகி, கண்ணை மூடி இன்னொரு தடவை கேட்டார். பிறகு பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"இது கொஞ்சம் கஷ்டமான ஜப்பான். ரெண்டு நாளு கேட்டாத்தான் புரியும். நீ வண்டிய எடு, பாயசம் ஆறுது."